விளையாடினார்கள், சிரித்தார்கள், மதிப்பெண் மட்டும் அசையவில்லை

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வகுப்பில் 38 பேர். ஒரு பயிற்சியில் விளையாட்டு வழிக் கணிதம் பற்றிக் கேட்டுவிட்டு வந்து, ஜூலையிலிருந்து வாரம் இரண்டு பாடவேளையை அதற்கென்று ஒதுக்கினேன். வாய்ப்பாட்டு பிங்கோ, கட்டத்துக்கு ஒரு கணக்கு எழுதிய பரமபதம், அணி பிரித்துக் கரும்பலகைக்கு ஓடிவந்து கணக்குப் போடும் ஓட்டம், கைபேசியில் வினாடி வினா என்று எல்லாம் செய்து பார்த்தேன். பிள்ளைகளுக்கு அவ்வளவு சந்தோஷம். கணக்குப் பாடவேளைக்குக் காத்திருக்கிறார்கள். ஆனால் காலாண்டுத் தேர்வில் வகுப்புச் சராசரி, முதல் இடைப்பருவத் தேர்வைவிட ஒரே ஒரு மதிப்பெண்தான் கூடியது. முப்பதுகளில் இருந்தவர்கள் முப்பதுகளிலேயே இருக்கிறார்கள். தலைமையாசிரியர், “விளையாடினது போதும், பாடத்தை முடிங்க டீச்சர்” என்கிறார். சக ஆசிரியர் ஒருவர், “செஸ் சொல்லிக்கொடுங்க, மூளை வளரும்” என்கிறார். விளையாட்டால் மதிப்பெண் கூடும் என்பது உண்மையா, இல்லை நான்தான் ஏமாந்துவிட்டேனா? நிறுத்திவிடட்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்:

அன்புள்ள டீச்சர்,

நிறுத்த வேண்டாம். ஆனால் உங்கள் நான்கு ஆட்டங்களில் மூன்றைக் கைவிடலாம். மிச்சமிருக்கும் ஒன்றையும் வேறு வேளைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஏமாந்துவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, பயிற்சியில் உங்களுக்குப் பாதியைத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட பயிற்சிகளை இருபது வருஷம் நடத்தியவன் நான். அதனால் பழியில் எனக்கும் பங்கு உண்டு.

முதலில் என் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், எட்டாம் வகுப்பில், நீங்கள் சொல்லும் அதே ஓட்டப் போட்டியை நடத்தினேன். ஆறு அணி, ஒரு கரும்பலகை, வகுப்பே அதிர்ந்தது. அன்றைக்கு வகுப்பைப் பார்வையிட ஒரு பெரியவர் வந்திருந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தாளில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தார். மணி அடித்ததும் என்னைக் கூப்பிட்டு, சன்னலோரம் இருந்த ஒரு பெண்ணைக் காட்டினார். “இந்தப் பிள்ளை நாற்பது நிமிஷத்துல எத்தனை கணக்குப் போட்டிருக்கும்னு நினைக்கிறீங்க?” தாளில் இரண்டு கோடு இருந்தது. அதிலும் ஒன்று, பின்னால் நின்ற பையன் சொல்லச் சொல்ல எழுதியது. “கை தட்டினது பதினேழு தடவை” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை, டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்தத் தாளை நீங்களும் ஒரு நாள் போட்டுப் பாருங்கள். முப்பதுகளில் நிற்கும் மூன்று பிள்ளைகளை மட்டும் கவனியுங்கள். விளையாட்டுப் பாடவேளையில் அவர்கள் தாங்களாகவே எத்தனை கணக்குப் போட்டார்கள் என்று எண்ணுங்கள். சாதாரணப் பாடவேளையிலும் ஒரு நாள் எண்ணுங்கள். ஓட்டத்திலும் வினாடி வினாவிலும் கணக்குத் தெரிந்த எட்டுப் பேர்தான் ஆடுகிறார்கள், மற்ற முப்பது பேரும் ரசிகர்கள் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். கைபேசி வினாடி வினாவில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. கஹூட் மாதிரியான செயலிகளில் எவ்வளவு சீக்கிரம் அழுத்துகிறோமோ அவ்வளவு புள்ளி. யோசிக்கிற பிள்ளைக்கு அங்கே நஷ்டம், குருட்டாம்போக்கில் அழுத்துகிறவனுக்கு நாலில் ஒரு பங்கு லாபம்.

பரமபதத்துக்கு வருவோம். கட்டத்தில் இருக்கும் கணக்கைப் போட்டால்தான் அடுத்து உருட்டலாம் என்று விதி வைத்திருப்பீர்கள். இதில் கணக்கு டோல்கேட் மாதிரி நடுவே நிற்கிறது. காசைக் கட்டிவிட்டு வண்டி விளையாட்டுக்குள் போய்விடுகிறது. ஏணியும் பாம்பும் அதிர்ஷ்டம், அதில் கணக்கே கிடையாது. பிள்ளைகள் டோல்கேட்டைச் சீக்கிரம் தாண்டத்தான் பார்ப்பார்கள், பக்கத்தில் இருப்பவனிடம் விடையைக் கேட்டாவது தாண்டுவார்கள். ஒரு ஆட்டம் உருப்படியானதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: அதிலிருந்து கணக்கை எடுத்துவிட்டாலும் ஆட்டம் ஓடுமா? ஓடினால் அந்த ஆட்டத்தால் கணக்கு வராது.

பிங்கோ பரவாயில்லை. வாய்ப்பாடு தடுமாறுகிறவர்களுக்குப் பயிற்சி கிடைக்கும். அதை மாலை நேரத்துக்கோ, யாராவது விடுப்பில் போன பாடவேளைக்கோ வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காலாண்டில் நீங்கள் கேட்டது கண மொழி, மெய்யெண்கள், இயற்கணிதம். வாய்ப்பாட்டு பிங்கோ ஆடிவிட்டு அதில் மதிப்பெண் கூடவில்லையே என்றால் எப்படி?

இதோடு வினாத்தாளையும் சேர்த்துப் பாருங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வி 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. நூறில் 86 மதிப்பெண், படிப்படியாக எழுதிக் காட்டினால் வருவது. உங்கள் ஒன்பதாம் வகுப்பும் அந்தத் திசையில்தான் போகிறது. நீங்கள் ஆடவைத்த நான்கு ஆட்டமும் விடைக்குத்தான் பரிசு கொடுக்கின்றன. எப்படி வந்தது என்று எந்த ஆட்டமும் கேட்பதில்லை.

சரி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன? நம்மூர் எம்.எட். ஆய்வேடுகளிலேயே இந்தத் தலைப்பு சலிக்கும் அளவுக்கு உண்டு. சிலவற்றுக்கு நானும் உதவியிருக்கிறேன். எல்லாம் ஒரே அச்சு. இரண்டு பிரிவு, ஒன்றுக்கு விளையாட்டு, ஒன்றுக்கு வழக்கமான பாடம், ஆறு வாரம், முன் தேர்வு, பின் தேர்வு, ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்பட்டது’. விளையாட்டுப் பிரிவுக்கு ஆய்வாளரே ஆசை ஆசையாகப் பாடம் எடுத்திருப்பார், கேள்வித்தாளும் அவர் தயாரித்தது, புதுசு என்ற குதூகலம் வேறு. ஆறு வாரம் கழித்து அந்தப் பள்ளிப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இவற்றை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, கணினி விளையாட்டு மூலம் கணக்குப் படித்தவர்களை வழக்கமாகப் படித்தவர்களோடு ஒப்பிட்ட 24 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2019-இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. கிடைத்த பலன் 0.13 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று சொல்லும் அளவு அது). உங்கள் வகுப்பு மதிப்பெண்களின் திட்ட விலக்கம் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள், பெருக்கினால் ஏறக்குறைய இரண்டு மதிப்பெண். உங்களுக்கு ஒன்று கூடியிருக்கிறது. உலகச் சராசரிக்கு நீங்கள் அப்படியொன்றும் பின்தங்கிவிடவில்லை!

ஆனால் அது நல்ல ஆட்டத்தையும் வெட்டி ஆட்டத்தையும் கலந்து எடுத்த சராசரி. தனித்தனியாகப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். அமெரிக்காவில் கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஏழைக் குடும்பத்து மழலைகளுக்கு 1 முதல் 10 வரை வரிசையாகக் கட்டம் போட்ட ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். பிள்ளைகள் காயை நகர்த்தும்போது கட்டத்தில் இருக்கும் எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இன்னொரு கூட்டத்துக்கு அதே அட்டைதான், எண்ணுக்குப் பதில் வண்ணம். இரண்டு வாரத்தில் நான்கு முறை ஆடியதுதான். எண் அட்டையில் ஆடியவர்களுக்கு எண்ணறிவு தெளிவாகக் கூடியது, வண்ண அட்டைக்காரர்களுக்குக் கூடவில்லை. இரண்டு பக்கமும் குஷி ஒன்றுதான். காயை நகர்த்தும்போது வாய் எதைச் சொன்னதோ அது வந்தது.

அடுத்தது டெல்லி. எலிசபெத் ஸ்பெல்கி, எஸ்தர் டஃப்லோ குழு 2017-இல் வெளியிட்டது. மழலையர் பள்ளிகளில் எண்ணிக்கையையும் வடிவத்தையும் கண்ணால் பார்த்து மதிப்பிடும் ஆட்டங்களை மாதக்கணக்கில் ஆடவைத்தார்கள். அந்தத் திறன் பிள்ளைகளுக்கு வந்தது, ஒரு வருஷத்துக்கு மேலும் நிலைத்தது. ஆனால் ஒன்றாம் வகுப்புக்குப் போய் எண்ணும் குறியும் போட்டுக் கணக்குச் செய்தபோது ஆடியவர்களுக்கும் ஆடாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. ஆட்டத்தில் கண்ணால் பார்க்கும் புள்ளிக் கூட்டங்கள் இருந்தன, பாடத்தில் இருப்பது குறியீடு. இரண்டுக்கும் நடுவில் யாரும் பாலம் போடவில்லை.

இது வெறும் மழலை வகுப்பு விவகாரமும் இல்லை. அதே டஃப்லோவும் அபிஜித் பானர்ஜியும் மற்றவர்களும் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் கடை பார்க்கும் பிள்ளைகளைச் சோதித்து 2025-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். முக்கால் கிலோ இது, ஒன்றரைக் கிலோ அது, இருநூறு ரூபாய் நோட்டுக்கு மீதி எவ்வளவு என்பதைக் காகிதம் இல்லாமல் சொல்லும் பிள்ளைகள், அதைவிட எளிய கணக்கைப் பாடப்புத்தக வடிவில் எழுதிக் கொடுத்தால் திணறினார்கள். பள்ளியில் மட்டும் படிக்கும் பிள்ளைகள் தாள் கணக்கைச் செய்துவிட்டுச் சந்தைக் கணக்கில் திணறினார்கள். என் பாட்டி பல்லாங்குழியில் கில்லாடி. குழியில் கையை வைக்கும் முன்பே, கடைசி முத்து எங்கே விழும் என்று கண்ணாலேயே பார்த்துவிடுவார். பால் கணக்கு எழுத மட்டும் என்னைத்தான் கூப்பிடுவார். ‘பல்லாங்குழி ஆடினால் கணக்கு வரும்’ என்று வாட்ஸப்பில் வரும்போதெல்லாம் அவர் ஞாபகம் வந்துவிடுகிறது.

உயர்நிலை வகுப்புக்கு நெருக்கமான சான்றும் ஒன்று உண்டு. டிராகன்பாக்ஸ் என்று நார்வேயில் 2012-இல் வந்த ஓர் இயற்கணித விளையாட்டு. படச் சீட்டுகளை இரு பக்கமும் நகர்த்திப் பெட்டியைத் தனிமைப்படுத்த வேண்டும், போகப் போகப் படங்கள் எக்ஸ், ஒய் ஆகிவிடும். அழகான ஆட்டம், நானே ராத்திரி உட்கார்ந்து ஆடியிருக்கிறேன். அமெரிக்காவில் ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு இதையும், மறு பகுதியினருக்குச் சமன்பாட்டைப் படிப்படியாகப் போடவைத்துத் திருத்தும் ஒரு கணினிப் பயிற்றுநரையும் கொடுத்தார்கள். 2017-இல் வந்தது முடிவு. டிராகன்பாக்ஸ் ஆடியவர்கள்தான் அதிகம் ரசித்தார்கள். தாளில் சமன்பாடு கொடுத்தபோது மற்ற கூட்டம்தான் நன்றாகச் செய்தது. உங்கள் வகுப்பில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

செஸ் பற்றி இரண்டு வரி. இங்கிலாந்தில் 100 தொடக்கப் பள்ளிகளை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. பாதிப் பள்ளிகளில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சுமார் 30 மணி நேரம் செஸ் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பொதுக் கணக்குத் தேர்வில் பார்த்தால் வித்தியாசம் ஒன்றும் இல்லை. 2016 அறிக்கை இது. மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த, குகேஷ் பிறந்த ஊரில் இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. பிள்ளைகள் தாராளமாக செஸ் ஆடட்டும், அருமையான ஆட்டம். இயற்கணிதத்துக்கு மருந்தாக மட்டும் அதைக் கொடுக்காதீர்கள்.

இதிலிருந்தெல்லாம் எனக்கு இரண்டு விஷயம் தெளிவாகிறது. ஆட்டத்தின் நகர்வே கணக்காக இருக்க வேண்டும். ஆடி முடித்த கையோடு, ஆடியதைத் தாளில் கணக்கு மொழியில் எழுதவைக்க வேண்டும். இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். ஆட்டம் சூடாகப் போகிறது, மணி அடித்துவிடுகிறது, அடுத்த டீச்சர் வாசலில் நிற்கிறார். மதிப்பெண் கிடப்பது அந்த விட்டுப்போன பத்து நிமிஷத்தில்தான்.

இப்போது உங்கள் வகுப்புக்கு வருகிறேன். முப்பதுகளில் நிற்கும் பிள்ளைகளின் தாளை எடுத்துப் பாருங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலோர் சறுக்குவது புதுப் பாடத்தில் கிடையாது, ஏழாம் வகுப்பு முழுக்களில். 3x − (x − 4) என்பதை 2x − 4 என்று எழுதியிருப்பார்கள். ‘மைனஸ் இன்ட்டு மைனஸ் ப்ளஸ்’ என்று பாட்டாகச் சொல்லத் தெரியும், எங்கே போடுவது என்று தெரியாது. இவர்களுக்கு ஒரு ஆட்டம்.

தேவை புளியங்கொட்டை. ஜோடிக்கு ஆறு. தாயம் ஆடத் தேய்ப்பது போல ஒரு பக்கத்தைத் தேய்த்து வெள்ளையாக்கச் சொல்லுங்கள். வெள்ளை விழுந்தால் +1, கறுப்பு விழுந்தால் −1. ஆறையும் சேர்த்து வீச வேண்டும். இருவரும் மாறி மாறி ஆளுக்குப் பத்து வீச்சு, வீசியதைத் தன் கணக்கில் கூட்டிக்கொண்டே வர வேண்டும், கடைசியில் யார் பூஜ்ஜியத்துக்குக் கிட்டே நிற்கிறாரோ அவருக்கு வெற்றி. ஒரே ஒரு சலுகை: ஒவ்வொரு வீச்சிலும் விரும்பினால் ஒரு கொட்டையை, எந்த நிறமானாலும், எடுத்துப் போட்டுவிடலாம். எடுத்தால் அதை நோட்டில் கழித்தலாக எழுத வேண்டும். எழுதாமல் எடுத்தால் செல்லாது.

ஒரு வீச்சைப் பார்ப்போம். இதுவரை செல்வி கணக்கில் 3 இருக்கிறது. வீசுகிறாள்: இரண்டு வெள்ளை, நாலு கறுப்பு. மொத்தம் −2. அப்படியே சேர்த்தால் 1. பூஜ்ஜியம் வேண்டுமே! கொஞ்சம் யோசித்து ஒரு வெள்ளையை எடுக்கிறாள். (−2) − (+1) = −3. 3 + (−3) = 0. அடுத்து முருகன். அவன் கணக்கில் 1, விழுந்ததும் அதே −2. அவன் கறுப்பை எடுக்கிறான். (−2) − (−1) = −1. 1 + (−1) = 0. எடுத்தது ஒரு கொட்டைதான், ஆனால் அவளுக்கு மதிப்பு குறைந்தது, இவனுக்குக் கூடியது. இதில் கணக்கை எடுத்துவிட்டால் ஆட்டமே கிடையாது, தரையில் ஆறு கொட்டை கிடக்கும், அவ்வளவுதான்.

கால் மணி நேரத்தில் ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள். ‘இன்னும் ஒரு ரவுண்டு டீச்சர்’ என்பார்கள். நிறுத்திவிடுங்கள். சாக்பீஸை எடுத்து முருகன் எழுதியதைப் பலகையில் எழுதி, ஒன்றே ஒன்று கேளுங்கள்: “எடுத்தா குறையணும்தானே? இது எப்படிக் கூடிச்சு?” நீங்கள் பதில் சொல்லிவிடக் கூடாது. ஒரு நிமிஷம் நிசப்தமாக இருக்கும், பயப்படாதீர்கள். நான் நடத்திய ஒரு வகுப்பில் ஒரு பையன் எழுந்து, “கறுப்பு கடன் மாதிரி சார். கடனைத் தள்ளுபடி பண்ணிட்டா நம்ம கையில இருக்கறது கூடின மாதிரிதான்” என்றான். வகுப்பு ஒத்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் நான் 3x − (x − 4) என்று எழுதினேன். “இந்த நாலு கறுப்பையும் எடுத்தா?” பாதிப் பேர் வாயிலிருந்து ப்ளஸ் நாலு வந்துவிட்டது. மீதிப் பாதிக்கு அதே மாதிரி இன்னும் எட்டுக் கணக்கு, நோட்டில், தனித்தனியாக.

ஒரு போனஸும் உண்டு. சில ஆட்டம் கழித்து எவளாவது ஒருத்தி, “டீச்சர், எதையும் எடுக்காம வீசினா ஒற்றைப்படை வரவே மாட்டேங்குது” என்பாள். ஏன் என்று வகுப்பிடமே விட்டுவிடுங்கள். ஒரு கொட்டை புரண்டால் மதிப்பு ஒன்று மாறாது, இரண்டு மாறும் என்று கண்டுபிடிக்கும் வரை அவர்கள் விட மாட்டார்கள்.

காரணிப்படுத்துதலுக்கு எந்தப் பொருளும் வேண்டாம். ‘என் கையில் இரண்டு எண்’ என்று இரண்டிரண்டு பேராக ஆடலாம். ஒருவர் இரண்டு எண்ணை மனதில் நினைத்து, கூட்டுத்தொகையையும் பெருக்கற்பலனையும் மட்டும் சொல்ல வேண்டும். கூட்டினால் 1, பெருக்கினால் −12. மற்றவர் 4, −3 என்று கண்டுபிடிக்க வேண்டும். ஐந்து ஆட்டம் எளிதாகப் போகும். அப்புறம் எதிராளியைத் திணறடிக்க அவர்களாகவே எதிர்க்குறி எண்ணுக்குத் தாவுவார்கள், அதுதான் நமக்கு வேண்டும். பத்து நிமிஷம் ஆனதும் பலகையில் x² + x − 12 என்று எழுதி, “இதுல அந்த ஆட்டம் எங்க இருக்கு?” என்று கேளுங்கள். கண்டுபிடித்துவிட்டால் (x + 4)(x − 3) தானாக வரும். அவர்கள் ஆடிய ஒவ்வொரு ஜோடியையும் இருபடிக் கோவையாக எழுதிக் காரணிப்படுத்தச் சொல்லுங்கள். வீட்டுப்பாடத்துக்குக் கணக்கு தேட வேண்டாம், அவர்களே செய்து வைத்திருக்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது தாயக்கட்டை. நிகழ்தகவு ஒன்பதில் கடைசிப் பாடம் என்பதால் அவசரமாக ஓட்டிவிடுவோம். அதற்குத்தான் நம் வீட்டிலேயே அருமையான கருவி இருக்கிறது. பித்தளைக் கட்டை இரண்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம்: 1, 2, 3, ஒன்று வெறுமை. இரண்டும் வெறுமையானால் 12. தாயம் என்பது 1. எங்கள் ஊரில் 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். உங்கள் ஊர் விதி வேறாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கட்டை கிடைக்காத ஜோடிக்கு 0, 1, 2, 3 எழுதிய சீட்டு இரண்டு செட், ஆளுக்கு ஒரு செட், குலுக்கி ஒன்று எடுத்தால் போதும்.

உருட்டும் முன் பந்தயம் கட்டச் சொல்லுங்கள், எந்த எண் அதிகம் விழும்? 38 பேர் என்றால் 19 ஜோடி. ஜோடிக்கு இருபது உருட்டல், விழுந்ததைக் கோடு போட்டு எண்ணி, பலகையில் சேர்த்தால் 380 உருட்டல் ஆகிவிடும். பட்டறி நிகழ்தகவு என்று புத்தகம் சொல்வது அதுதான். அப்புறம் நான்குக்கு நான்கு கட்டம் போட்டுக் கூறுவெளியை, அதாவது விழக்கூடிய எல்லாச் சேர்க்கைகளையும், நிரப்பச் சொல்லுங்கள். பதினாறு கட்டத்தில் 3 நான்கு இடத்தில் வரும், 2-ம் 4-ம் மும்மூன்று, 1-ம் 5-ம் இரண்டிரண்டு, 6-ம் 12-ம் ஒவ்வொன்று. தாயத்துக்கு 2/16, அதாவது எட்டில் ஒன்று. 380-இல் நாற்பத்தேழு, நாற்பத்தெட்டுத் தடவை விழ வேண்டும். உங்கள் வகுப்பில் 41 விழலாம், 54-ம் விழலாம், ஏன் சரியாக விழவில்லை என்பது நல்ல சண்டைக்கு ஆகும். மறு உருட்டல் கிடைக்கும் நிகழ்தகவு என்ன என்று கேட்டால் 2 + 2 + 1 + 1, பதினாறில் ஆறு, 3/8. ‘ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள்’ என்ற சொல் பத்தாம் வகுப்பில் வரும்போது இவர்களுக்கு அது ஏற்கெனவே ஆடிப் பார்த்த விஷயமாக இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லாப் பாடத்துக்கும் ஆட்டம் தேடி அலையாதீர்கள். செய்முறை வடிவியலுக்குக் கவராயத்தைப் பிடித்து வரைந்து பழகுவதைத் தவிர வழியில்லை. மெய்யெண் பாடத்துக்கு இழுத்துப் பிடித்து ஓர் ஆட்டம் செய்தால் மறுபடி டோல்கேட்தான் வரும். பருவத்துக்கு நான்கைந்து நல்ல ஆட்டம் போதும். வாரம் இரண்டு பாடவேளை வேண்டாம், ஒன்று, அதுவும் பாடத்தோடு ஒட்டினால் மட்டும். அந்த நாற்பது நிமிஷத்தில் ஆட்டம் 15, பலகையில் பேச்சு 10, நோட்டில் தனியாகக் கணக்கு 15. ஆட்டம் நீண்டால் அதிலிருந்து வெட்டுங்கள், பேச்சிலிருந்து வெட்டாதீர்கள். இரண்டிரண்டு பேராகவே ஆடவையுங்கள், ஐந்து பேர் அணி போட்டால் நான்கு பேர் ஒளிந்துகொள்வார்கள். விளையாட்டே பிடிக்காத பிள்ளை வகுப்புக்கு ஒன்றிரண்டு இருக்கும். அவர்களை மதிப்பெண் குறிப்பவராக உட்கார வையுங்கள், எழுதுகிற வேலை அவர்களுக்குத்தான் அதிகம் கிடைக்கும்.

தலைமையாசிரியரிடம் வாதாட வேண்டாம். அவர் கவலை நியாயமானது, பாடம் முடியவில்லை என்றால் மேலே பதில் சொல்வது அவர்தான். புளியங்கொட்டை ஆட்டத்துக்கு முன்னால் முழுக்களில் நாலு கேள்வி, ஐந்து நிமிஷச் சிலிப் டெஸ்ட் வையுங்கள். ஆடி முடித்து இரண்டு வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல், அதே மாதிரி வேறு நாலு கேள்வி. உடனே மறுநாள் வைக்காதீர்கள், மறுநாள் எல்லோருக்கும் தெரியும். முப்பதுகளில் இருக்கும் பிள்ளைகளின் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரிடம் காட்டுங்கள். கூடியிருந்தால் தொடரச் சொல்வார். கூடவில்லை என்றால் அந்த ஆட்டத்தை நீங்களே விட்டுவிடுங்கள், எனக்கும் எழுதுங்கள், என் பட்டியலிலிருந்தும் எடுத்துவிடுகிறேன்.

ஒரு வேண்டுகோள். கொட்டையை வீட்டிலேயே தேய்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். வகுப்பில் தேய்க்க விட்டால், சிமெண்ட் தரையில் பரபரவென்று தேய்த்து, ஆறும் முன் பக்கத்தில் இருப்பவன் முழங்கையில் சூடு வைப்பார்கள். அந்தப் பஞ்சாயத்தும் கணக்கு டீச்சர் தலையில்தான் விழும்.